வாடி நிற்கும் இளங்கொன்றை: அறிகுறி பார்த்துக் காப்பாற்றும் வழி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியைச் சுற்றியுள்ள தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) பல, ஒரு காலத்தில் பால்மரக் (ரப்பர் மரக்) காடாக இருந்த நிலத்தில் எழுந்தவை. வீடு கட்டுவதற்காக மரங்களைச் சாய்த்தார்கள். ஆனால் அடிக்கட்டைகளையும் வேர்களையும் முழுவதுமாகத் தோண்டி எடுத்தவர்கள் குறைவு. செம்மண்ணைக் கொட்டி மேடாக்கிச் சாலை போட்டு விட்டால், அடியில் என்ன கிடக்கிறது என்பது குடிவருபவருக்குத் தெரியாது. அந்த மண்ணில்தான் நாம் கோயில் வாசலுக்கு ஒன்று, வீட்டு வேலியோரம் ஒன்று என்று சரக்கொன்றைக் கன்றுகளை நடுகிறோம். முதல் ஆண்டு தளதளவென்று வளர்ந்த கன்று இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சோர்ந்து நிற்கும்போது, கை முதலில் போவது உரமூட்டைக்குத்தான். நோயுற்ற மரத்திற்கு உரம் மருந்தாகாது. வேர் கெட்டிருக்கும் நேரத்தில் கொடுத்த உரம் மண்ணில் உப்பாகத் தங்கி, மிஞ்சியிருக்கும் நல்ல வேரையும் கருக்கிவிடும்.

எங்கள் தாமானுக்குப் பின்னால் உள்ள மாரியம்மன் கோயில் வளாகத்தில் நட்ட இரண்டு கொன்றைகளில் ஒன்றை இப்படித்தான் இழந்தோம். இலை மஞ்சளானதும் கோழி எரு போட்டோம். இன்னும் மஞ்சளானதும் மேலும் போட்டோம். பழைய தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இலையையே பார்த்துக்கிட்டு நிக்காதே, தூரைத் தோண்டிப் பாரு" என்றார். தோண்டியபோது காலம் கடந்திருந்தது. இரண்டாவது கன்றைக் காப்பாற்றியது அவர் சொன்ன அந்த ஒரு சொல்தான். ஆகவே கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும், தூரை ஒருமுறை பார்த்த பிறகே மருந்துக் கடைக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இலைகள் மொத்தமாக உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கிறது

முதலில் மாதத்தைப் பாருங்கள். கொன்றை வறட்சியில் இலை உதிர்க்கும் மரம். கெடாவில் சனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்து காற்று காயும். பால்மரங்கள் இலை உதிர்க்கும் அதே பருவத்தில் கொன்றையும் உதிர்த்தால் அது நோயன்று. சுள்ளி ஒன்றின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே பச்சையும் ஈரமும் தெரியும். அப்படித் தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. உள்ளே பழுப்பாகவும் காய்ந்தும் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, பச்சை எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லை வாரந்தோறும் கீழே இறங்கிக்கொண்டே போனால் நோய் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

மழைக்காலத்தில் மொட்டையானால் இலைக்காம்புகளைப் பாருங்கள். காம்பு மட்டும் நின்று இலைப்பரப்பு கடித்துத் தின்னப்பட்டிருந்தால் அது புழுவின் வேலை. வெளிர்மஞ்சள் நிறச் சிறகு கொண்ட வண்ணத்துப்பூச்சி கொன்றையின் தளிரில் முட்டையிடும். பச்சைப் புழுக்கள் நடுநரம்பின் நிறத்தோடு கலந்து படுத்திருப்பதால் கண்ணுக்கு எளிதில் அகப்படா. ஆளுயர மரத்தில் கையாலேயே பொறுக்கி எடுத்துவிடலாம். வேர் நலமாக இருக்கும் மரம் சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும் என்பதால், இதற்காகக் கடுமையான பூச்சிமருந்து அடிப்பதை நான் ஏற்பதில்லை.

மண் ஈரமாக இருந்தும் இலை வாடித் தொங்குகிறது

இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி. இலை வாடினால் தாகம் என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும்போதும் இலை வாடும். அப்போது ஊற்றும் ஒவ்வொரு வாளியும் கேட்டை விரைவுபடுத்தும். தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி விரலை மண்ணுக்குள் செலுத்திப் பாருங்கள். மண் பிசுபிசுவென்று ஒட்டி, முகர்ந்தால் சாக்கடை நாற்றம் வீசினால் நீர் தேங்கியிருக்கிறது.

நிலம் நீரை வடிக்கிறதா என்று அறிய, மரத்திற்குச் சற்றுத் தள்ளி ஓரடி ஆழம் ஓரடி அகலத்தில் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுமுறை நிரப்பி, மறுநாள் காலை வந்து பாருங்கள். அப்போதும் நீர் நின்றால் அந்த இடத்தில் கொன்றை தழைக்காது. பள்ளத்தை நோக்கி ஒரு வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்ற வேண்டும். கன்று சிறியதாக இருந்தால் சுற்றியுள்ள மண்ணோடு பெயர்த்து, தரைமட்டத்தை விட ஒரு சாண் உயரமான மண்மேட்டில் நடலாம்.

ஆழமாக நட்டதும் இதே அறிகுறியைத் தரும். நல்ல முறையில் நட்ட மரத்தின் தூர், தரையைத் தொடும் இடத்தில் சற்றே அகன்று வேராகப் பிரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பம் நட்டதுபோல் தண்டு நேராக மண்ணுக்குள் போனால், மேல்மண்ணைக் கையால் விலக்கி அந்த விரிவு தெரியும் வரை இறக்கிவிடுங்கள். அப்படி விலக்கும்போது நர்சரியில் கொடுத்த கறுப்புப் பாலிபேக் கிழிக்கப்படாமலேயே அகப்படுவதும் உண்டு. அதன் உள்ளே வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தம்மைத் தாமே இறுக்கிக்கொண்டிருக்கும். பையை முழுவதும் வெட்டி நீக்கி, தூரைச் சுற்றிவரும் மெல்லிய வேர்களை மட்டும் கூரிய கத்தியால் அறுத்துவிடுவது போதும். பெரிய வேர்களை ஒரே நாளில் வெட்டுவது மரத்தை அதிர்ச்சிக்கு உள்ளாக்கும்.

இலைகள் மெல்ல வெளிறி, தூரில் வெள்ளை நூல் படர்ந்திருக்கிறது

பழைய தோட்ட நிலத்தில் வாழும் நாம் முதலில் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். பால்மரத் தொழிலில் வெள்ளை வேர் நோய் என்று வழங்கும் இந்தப் பூசணநோயை 1904ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் தாவரவியலாளர் ரிட்லி கண்டு பதிவு செய்தார். மண்ணில் விடப்பட்ட அடிக்கட்டைகளிலும் தடித்த வேர்த்துண்டுகளிலும் பூசணம் பல ஆண்டுகள் உயிரோடு இருந்து, அங்கிருந்து வெள்ளை நூல்களை நீட்டி, அருகில் வரும் புதிய மரத்தின் வேரைத் தொட்டதும் அதன் மேற்பரப்பில் ஒட்டிப் படர்கிறது. இது பால்மரத்தை மட்டும் நாடும் நோயன்று. பல வகை மரங்களின் வேர்களையும் தாக்கக்கூடியது.

இந்நோயின் கொடுமை அதன் ஒழுங்கில் இருக்கிறது. நூல் முன்னே படர்ந்து செல்ல, அழுகல் பின்னே வருகிறது. இலையில் வெளுப்புத் தெரிவது கடைசியாகத்தான். அதாவது மேலே மரம் சோர்வதை நாம் காணும் நாளில் கீழே வேரின் பெரும்பகுதி பறிபோயிருக்கக்கூடும். கொன்றையில் முதலில் பளபளப்பான பச்சை மங்கும். பிறகு இலைகள் சற்றே உள்நோக்கி வளைந்து மஞ்சளாகும். சில மரங்கள் காலமல்லாத காலத்தில் பூக்கவும் செய்யும். எங்கள் கோயில் கன்றில் பருவம் தவறி இரண்டு சரம் பூ வந்தபோது அம்மன் அருள் என்று மகிழ்ந்தோம். அது அந்த மரத்தின் கடைசிப் பூ.

இலை சொல்லும் முன்பே கண்டறிய, பெரியவர் காட்டிய முறை எளிது. தூரைச் சுற்றியுள்ள புல்லைக் களைந்து, காய்ந்த இலையையும் புல்லையும் தண்டை ஒட்டியே நான்கு விரற்கடை உயரத்திற்குக் குவித்து நனைத்துவிட வேண்டும். நிழலும் ஈரமும் கிடைத்தால் பூசணம் தரைமட்டத்திற்கு ஏறி வரும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து அந்தக் குவியலை விலக்கினால், நோய் இருக்கும் மரத்தின் பட்டையில் வெள்ளை நூல்கள் கிளைகிளையாகப் பிரிந்து தட்டையாக ஒட்டியிருக்கும். பார்த்த பிறகு குவியலை அங்கேயே விட்டுவிடாமல் அள்ளி அகற்றிவிட வேண்டும். தண்டை ஒட்டிய மூடாக்கு சோதனைக்கு மட்டுமே உரியது.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நோயன்று என்பதையும் சொல்ல வேண்டும். மக்கும் இலைகளில் படரும் சாதாரணப் பூசணமும் வெள்ளைதான். விரலால் துடைத்துப் பாருங்கள்: சிலந்திவலைபோல் எளிதாகக் கலைந்து, அடியில் உள்ள பட்டை கெடாமல் இருந்தால் அது தீங்கற்றது. நோய்ப்பூசணமோ பட்டையோடு ஒட்டி, நகத்தால் கெல்லினால்தான் வரும். முதிர்ந்த நூல்கள் மஞ்சள் கலந்த பழுப்பாக மாறியிருக்கும். மழைக்காலத்தில் தூரிலோ அருகிலுள்ள பழைய அடிக்கட்டையிலோ, தட்டுத் தட்டாக ஆரஞ்சு நிறத்தில், ஓரம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக உள்ள காளான் முளைத்தால் ஐயத்திற்கு இடமில்லை. வேரில் வெள்ளை நூலுக்குப் பதிலாக மண்ணும் கல்லும் பழுப்புப் பசையோடு கெட்டியாக ஒட்டி, கழுவினாலும் போகாமல் இருந்தால் அது பழுப்பு வேர் நோய்; செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஒன்றே, ஆனால் பிழைக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு.

உறுதியானதும், தூரைச் சுற்றி ஓரடி ஆழம் வரை மண்ணைக் கையாலும் சிறு கரண்டியாலும் விலக்கி வேர்களை வெளிக்காட்டுங்கள். மண்வெட்டியை ஓங்கிப் போட வேண்டாம். காயம்பட்ட வேர் நோய்க்குத் திறந்த வாசல். அழுகி மெத்தென்றான வேர்களை நல்ல பகுதி வரை வெட்டி எடுங்கள். மேற்பரப்பில் மட்டும் நூல் படர்ந்து உள்ளே வெள்ளையும் உறுதியுமாக உள்ள வேர்களை வெட்டாமல், நூலைச் சுரண்டித் துடையுங்கள். பிறகு ஹெக்சாகோனசோல் போன்ற பூசணக்கொல்லியை, மருந்துப் பாட்டிலில் ஒட்டிய சீட்டில் உள்ள அளவில் நீரில் கலந்து வேர்களும் மண்ணும் நனையும்படி ஊற்றி, வெளியிலிருந்து கொண்டுவந்த புதுமண்ணால் மூட வேண்டும். ஒருமுறை ஊற்றியதோடு நிறுத்தினால் நோய் திரும்பும்; சீட்டு சொல்லும் இடைவெளியில் மீண்டும் ஊற்ற வேண்டும். கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்; சில்லறையாகப் பாட்டிலில் ஊற்றித் தரும் மருந்தையும் வாங்காதீர்கள்.

மருந்தை விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பூசணம் எங்கிருந்து வந்ததோ அந்த அடிக்கட்டையைத் தேடுங்கள். எங்கள் கன்றிலிருந்து எட்டடி தள்ளி, நடைபாதைச் சிமெண்டின் ஓரத்தில் பழைய பால்மர வேர் ஒன்று மணிக்கட்டுப் பருமனில் கிடந்தது. பாராங் கத்தியால் வெட்டியபோது வெளியே கறுத்திருந்த அது உள்ளே ஈரச் சோறுபோல் வெள்ளையாக நொறுங்கியது. அதைத் தோண்டி எடுக்க முடிந்தது. எடுக்க முடியாத இடத்தில் கட்டைக்கும் மரத்திற்கும் நடுவில் இரண்டடி ஆழத்திற்குத் தடுப்பு அகழி வெட்டி, அதில் இலையும் வேரும் நிரம்பிப் பாலமாகிவிடாமல் அவ்வப்போது துப்புரவு செய்ய வேண்டும்.

தண்டின் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை அழுகியிருந்தால் அந்த மரத்தை வைத்துக்கொண்டு போராடுவது அடுத்துள்ள மரங்களுக்கும் ஆபத்து. வேரோடு பெயர்த்து எடுத்துவிடுங்கள். நாங்கள் முதல் கன்றை அப்படி எடுக்க மனமில்லாமல் இரண்டு மாதம் தாமதித்தோம். அதற்குள் நூல் இரண்டாவது கன்றை நோக்கிப் பாதித் தூரம் போயிருந்தது.

ஒரு கிளை மட்டும் காய்கிறது, கவட்டையில் இளஞ்சிவப்புப் பூச்சு தெரிகிறது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதுவும் புதிதன்று. பால்மரக் கிளைகளைக் காயவைக்கும் இளஞ்சிவப்பு நோய் இது. இடைவிடாத மழைநாள்களில், கிளை பிரியும் கவட்டையில் ஈரம் காயாமல் நிற்கும்போது தொற்றும். தொடக்கத்தில் பட்டைமேல் வெண்பட்டு நூல்போல் மெல்லிய படலம் இருக்கும். பிறகு அது இளஞ்சிவப்புப் பொருக்காகி, பட்டை வெடித்து, அதற்கு மேலுள்ள இலைகள் எல்லாம் கிளையிலேயே கருகித் தொங்கும். கீழே உள்ள கிளைகள் பசுமையாக இருப்பதுதான் வேர் நோயிலிருந்து இதைப் பிரித்தறியும் அடையாளம்.

மழை இல்லாத காலைப்பொழுதில், பூச்சு முடியும் இடத்திலிருந்து ஓரடி கீழே, நல்ல பட்டையில் வெட்டுங்கள். வெட்டிய கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் பின் சாராயச் சத்தால் துடையுங்கள். கழித்த கிளைகளைத் தாமானில் குவித்து எரிக்க வேண்டாம். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை உண்டு. பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

வெட்டுவாயில் போர்டோ பசை பூசுவது இன்றும் நம்பத்தக்க முறை. 1885இல் பிரான்சின் போர்டோ வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களுக்காகத் தாவரவியலாளர் மில்லார்டே அறிமுகப்படுத்திய கலவை இது. பசைக்கு 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரில் வேறொரு வாளியிலும் கரைத்து, மயில்துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கிளற வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்தபின் துருவில்லாத இரும்பாணி ஒன்றைச் சிறிது நேரம் அதில் தோய்த்துப் பாருங்கள். ஆணியில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, படியாத வரை சேர்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பூசினால் மிஞ்சிய துத்தம் பட்டையைச் சுட்டுவிடும். கலந்த அன்றே பூசி முடியுங்கள். மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும்.

தூரில் பட்டை உரிந்து வளையமாகக் காயம் இருக்கிறது

இதற்குப் பூசணம் காரணமன்று, புல் வெட்டும் இயந்திரம். சுழலும் நைலான் நூல் ஒவ்வொரு மாதமும் அதே உயரத்தில் தண்டை உரசினால், பட்டை சுற்றிலும் அறுபட்டு இலையில் ஆக்கப்படும் உணவு வேருக்கு இறங்காமல் போகும். எனக்குத் தெரிந்து எங்கள் தாமானில் நோயால் செத்த இளமரங்களை விட இதனால் செத்தவை அதிகம். காயம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தொங்கும் பட்டையைச் சீராக அறுத்து, ஓரங்களை வழவழப்பாக்கி, காற்றில் ஆறவிடுங்கள். தார் பூசி மூடினால் ஈரம் உள்ளே அடைபட்டு அழுகும். தூரைச் சுற்றி மூன்றடி விட்டத்திற்குப் புல்லே இல்லாமல் வைத்து, புல் வெட்ட வருபவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். முட்டுக்கம்பத்தில் கட்டிய கயிறு தண்டுக்குள் புதைகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். ஓராண்டு கடந்த கன்றுக்குப் பெரும்பாலும் கம்பமே தேவையில்லை.

தளிரில் வெள்ளை மாவு, அல்லது இலைமேல் கரி

மார்ச் மாதத்தில் புதுத்தளிர் வரும்போது இரவுப் பனி விழுந்தால் சாம்பல் நோய் தளிரில் மாவுபோல் படியும். நனையும் கந்தகத்தைச் சீட்டின் அளவில் கலந்து காலையில் தெளித்தால் அடங்கும். உச்சி வெயிலில் தெளித்தால் தளிர் கருகும். இலைமேல் கரிபோல் படிந்து எறும்பு ஏறி இறங்கினால், அடிப்புறத்தில் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கும். சோப்புக் கரைசலால் இலையடியைக் கழுவி, எறும்பின் வழியை அடைத்தால் போதும். இவை இரண்டும் மரத்தைக் கொல்லாது.

சிகிச்சைக்குப் பின்

வேர் நோயிலிருந்து மீளும் மரம் உடனே நிமிராது. ஆறு முதல் எட்டு வாரம் வரை எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் தினமும் ஒரு மருந்து என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் மரத்திற்கு நாம் செய்யும் பெருந்தீங்கு. மழையில்லாத வாரத்தில் இரண்டு முறை, முறைக்கு ஒரு வாளி நீர், தூரில் அன்றி ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் ஊற்றுங்கள். காய்ந்த புல்லை மூன்று விரற்கடை கனத்தில் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். புதுத்தளிர் விரிந்து முற்றி, அடுத்த தளிரும் எழுந்த பிறகே மக்கிய எருவைச் சிறிதளவு கொடுக்கலாம். முதல் தளிர் மரம் தன்னிடம் சேர்த்து வைத்திருந்த உணவிலிருந்து வருவது. இரண்டாம் தளிர் வந்தால்தான் வேர் வேலை செய்கிறது என்று நம்பலாம்.

பெயர்த்தெடுத்த மரத்தின் குழியில் உடனே இன்னொரு மரத்தை நட வேண்டாம். மண்ணைச் சல்லடையிட்டதுபோல் கிளறி விரல் பருமனுள்ள வேர்த்துண்டுகளைக்கூடப் பொறுக்கி எடுத்து, வெயிலில் திறந்து போட்டு, வாய்ப்பிருந்தால் பத்தடியாவது தள்ளிப் புதுக்குழி எடுங்கள். நடும்போது குழிமண்ணில் கந்தகத்தூளைக் கலப்பது பால்மரத் தோட்டங்களில் வெள்ளை வேர் நோய்க்கு எதிராகக் கையாளப்பட்ட முறை. மண்ணின் புளிப்பைக் கூட்டி, நோய்ப்பூசணத்தை எதிர்க்கும் நல்ல பூசணங்களுக்கு அது இடம் தருகிறது. நாங்கள் மூன்றாவது கன்றைக் கோயிலின் மேற்கே, வாய்க்கால் கரையை விட்டு விலகி மேட்டில் நட்டிருக்கிறோம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை தூரில் இலையைக் குவித்து விலக்கிப் பார்க்கும் பொறுப்பைக் கோயில் இளைஞர்கள் இருவர் ஏற்றிருக்கிறார்கள்; சென்ற முறை விலக்கியபோது பட்டை சுத்தமாக இருந்தது.